போடு, குடு, துடை

சாக்ஸுக்குள் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. மூக்கி அதை இரண்டு விரலால் தலைகீழாகப் பிடித்து உதறினாள். அத்தானின் பல்செட்டு கட்டில் ஓரத்தில் வந்து விழுந்து, மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக அவளைப் பார்த்துச் சிரித்தது. அத்தான் செத்து மூன்று வருஷம் முடிந்துவிட்டது. சிரிப்பு மட்டும் இத்தனை நாளும் அலமாரிக்குள் இருந்திருக்கிறது.

"அங்கயா இருக்கு? நான் வீடெல்லாம் தேடினேன்" என்றாள் அக்கா, படுத்தபடியே.

"எதுக்குத் தேடினே? நீ மாட்டிக்கப் போறியா?"

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இரைப்பாகி அடங்குகிற வரை மூக்கி பல்செட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழ்வரிசையில் இரண்டு பற்களுக்கு நடுவே பழுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. அத்தான் கடைசியாகத் தின்ற எதுவோ. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு சாக்ஸை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"போடா?"

"செத்த மனுஷனைப் போடாங்கறே. உயிரோட இருந்தப்ப சொல்லியிருக்கணும்."

இந்தச் சிரிப்புக்கு ஐம்பது வயதாகிறது. பருவம் மாறும்போதெல்லாம் அவர்களுடைய அம்மா அலமாரியைக் காலி செய்து, தரையில் மூன்று குவியல் வைப்பாள். உடுத்திக்கொள்கிற துணி 'போடு'. அடுத்தவருக்குத் தருகிற துணி 'குடு'. கிழித்து வீடு துடைக்க எடுத்துக்கொள்கிற துணி 'துடை'. நாலாவது குவியல் கிடையாது. துணியைக் குப்பையில் எறிவது என்ற பேச்சே அந்த வீட்டில் எழுந்ததில்லை. ஒவ்வொரு துணியையும் தூக்கிப் பிடித்து, போடா, குடுவா, துடையா என்று கேட்பாள் அம்மா. 'போடா' என்று அம்மா கேட்கும்போதெல்லாம் இரண்டு பெண்களும் அப்பா முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

துணிக்குச் சொந்தக்காரிதான் பதில் சொல்லவேண்டும் என்பது சட்டம். சின்ன வயதில் அக்காவுக்குத் தன் பழைய கவுன்களைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது. ஊமைக்கோட்டான் மாதிரி நிற்பாள். அதற்கும் அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். மூன்று எண்ணுவேன், பதில் வராவிட்டால் அந்தத் துணி போடு. வாயைத் திறந்து குடு என்று சொல்லாதவளிடமிருந்து எதையும் பிடுங்கக்கூடாது. அந்தச் சட்டத்தின் தயவில் அக்காவின் குவியல் மலையாக எழும். மூக்கி மூக்கால் அழுதுகொண்டு நிற்பாள்.

மூக்கி என்று பெயர் வைத்ததும் அக்காதான். ஐந்து வயதில் பால் தம்ளரை மோந்துவிட்டு, பூனை வாய் வைத்திருக்கிறது என்று குடிக்க மறுத்த அன்று ஒட்டிக்கொண்ட பெயர். அந்த மூக்கு வீண்போகவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒரு சலவைக் கடையில் முன்மேஜைக்காரி. வருகிற துணியை விரித்து, மோந்து, எங்கே என்ன கறை என்று சீட்டெழுதிக் குத்துவது வேலை. ரத்தமா துருவா என்று கண் தடுமாறுகிற இடத்தில் மூக்கு சொல்லிவிடும். ஊரார் அழுக்கையெல்லாம் முகம் சுளிக்காமல் வாங்கி வைக்கிறவளுக்கு, அக்கா வீட்டுக்குள் கால் வைத்தால் மட்டும் முகம் தானாகக் கோணிக்கொள்ளும். அது வேறு அழுக்கு. சீட்டுக் குத்தி உள்ளே அனுப்பிவிட முடியாது.

அக்காவின் வலது காலில் ஆறாத புண். சர்க்கரை வியாதியில் வந்தது. எட்டு வருஷமாக மூடுவதும் திறப்பதுமாக இருந்து, இந்த இரண்டு மாதமாக அவளைக் கட்டிலோடு போட்டுவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் மத்தியானம் நர்ஸ் வந்து கட்டு மாற்றுவாள். மாற்றிய மறுநாளே அறைக்குள் அந்த வாடை வந்துவிடும். அழுகிய பழத்தின் இனிப்பும் மருந்தின் கசப்புமாக, நாக்கில் வந்து உட்காருகிற வாடை. மூக்கி வாரம் ஒருமுறை, கடை விடுமுறை நாளில் வருவாள். வந்ததும் ஜன்னலைத் திறப்பாள். போனதும் குளிப்பாள். இன்றைக்கும் வந்தவுடனே ஜன்னலைத்தான் திறந்தாள்.

"மூடுடி, குளிருது" என்றாள் அக்கா.

"கொஞ்சம் காத்து வரட்டும்."

"காத்து எதுக்குன்னு எனக்கும் தெரியும். மூடு, குளிருது."

மூடினாள். மூன்று வாரமாக அக்காவுக்கு ஒரே பாட்டு. குளிர் வருவதற்குள் அலமாரியை ஒதுக்கவேண்டும், பரண் தட்டில் இருக்கிற கம்பளித் துணியைக் கீழே இறக்கவேண்டும், மெல்லிய துணியை மேலே ஏற்றவேண்டும். கட்டிலைவிட்டு இறங்காதவளுக்குக் கம்பளி எதற்கு என்று மூக்கிக்கு விளங்கவில்லை. ஆனால் மகனிடமும் சொல்லி, காலையில் வேலைக்கு வருகிற அம்மாளிடமும் சொல்லி, எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போன பிறகு அது தன் தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

விடிந்துவிட்டது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள். அக்கா கட்டுவாள், கசக்குவதுதான் இல்லை. மேல்தட்டில் அந்துருண்டைகள் கரைந்து துணியோடு ஒட்டியிருந்தன. அந்துருண்டைக்குப் பயப்படாத அந்துப்பூச்சிகள் ஒரு சால்வையைச் சல்லடையாக்கியிருந்தன. நடுத்தட்டில் ஒரு நைட்டியின் பையில் பாதி கடித்த பிஸ்கட், அதைத் தேடி வந்த எறும்புகளின் பிணங்கள், சளி காய்ந்து மொடமொடத்த கைக்குட்டை. கீழ்த்தட்டில் எலிப்புழுக்கை. ஒரு புடவையை உருவினால் மடிப்பிலிருந்து கரப்பான் முட்டைகள் புளியங்கொட்டை மாதிரி உருண்டு வந்தன. பின்பலகை முழுக்கப் பூஞ்சணம். மூக்கிக்குத் தன் தொண்டைக்குள்ளேயே பூஞ்சணம் பூத்ததுபோல் இருந்தது.

"இது?" தோளில் எண்ணெய் ஊறிய ஒரு நைட்டியைக் காட்டினாள்.

"துடை."

"இது?"

"நல்ல புடவைடி அது. குடு. வேலைக்காரம்மா ரொம்ப நாளா பாத்துட்டிருக்கா."

"இது? ஐயே, இது என்ன, ஒட்டுது?"

"மோந்து பாரு. நீதான் பெரிய மோப்பம் பிடிக்கறவளாச்சே."

அவள் மோந்து பார்க்கவில்லை. துடையில் எறிந்தாள். கதவோரம் துடை, ஜன்னலோரம் குடு, கட்டிலை ஒட்டிப் போடு. அக்கா இன்றைக்கு ஆச்சரியமாக, கேட்டதற்கெல்லாம் குடு, குடு என்று சொல்லிக்கொண்டு போனாள். மலையாகக் கட்டிக் காத்தவள் இப்படி அள்ளி விடுவது மூக்கிக்கு வேலையைச் சுலபமாக்கியது. வேறு எதுவும் அவள் யோசிக்கவில்லை. போடு குவியல் என்று சொல்ல ஒரு துணிகூட இன்னும் விழவில்லை.

அக்கா மெல்ல சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள். பிடித்த துணி வரப்போகிறது என்று தெரிந்தால் அப்படித்தான் திரும்பிக்கொள்வாள். ஒரு ரவிக்கையைப் பார்க்காமலே குடு என்றாள். அடுத்துக் கைக்கு வந்தது அந்த ஸ்வெட்டர்.

சாம்பல் கலந்த நீலம். முன்பக்கம் பொத்தான் வைத்தது. மூன்று வருஷத்துக்கு முன் நல்ல கம்பளியாகப் பார்த்து மூக்கிதான் வாங்கி அனுப்பினாள். இப்போது முழங்கையில் நூல் விட்டிருந்தது. மேல் பொத்தானைக் காணவில்லை. மார்பில் குழம்போ மருந்தோ வழிந்து காய்ந்து, கழுத்துப்பட்டை அழுக்கில் பளபளத்தது. ஒரு தடவையாவது தண்ணீரில் நனைத்திருப்பாளா என்று தெரியவில்லை. தூக்கிப் பிடித்ததும் அந்த வாடை, காலின் அதே வாடை, முகத்தில் வந்து அறைந்தது.

"இது துடைக்குக்கூட லாயக்கில்ல" என்றாள் மூக்கி.

பதில் இல்லை.

"இப்படியாக்கா ஒரு நல்ல துணியைப் பண்ணுவாங்க?"

பதில் இல்லை. சுவரைப் பார்த்த முதுகு. பின்தலையில் சிக்கு விழுந்த நரைமுடி. அந்த முதுகைப் பார்த்ததும் மூக்கிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு வேறொன்றும் மேலே ஏறி வந்தது. முகத்துக்கு நேராக என்றால் ஜென்மத்துக்கும் சொல்லியிருக்கமாட்டாள். முதுகாக இருந்ததால் வாய் திறந்துவிட்டது.

"அத்தான் போனப்ப, குளிருக்கு மட்டும் உன் வீட்ல வந்து இருக்கேன்டின்னு கேட்டியே. எடம் இல்லைன்னேன். எடம் இருந்துச்சுக்கா. பின்னாடி ரூம் காலியாத்தான் கெடந்துச்சு." ஸ்வெட்டரை எட்டப் பிடித்திருந்த கை வலித்தது. "நாத்தம்கா. உன் கால் நாத்தம் என் வீட்டுக்குள்ள வந்துடும்னுதான் சொன்னேன். அதுக்குப் பதிலாத்தான் இதை வாங்கி அனுப்பினேன்."

சொல்லி முடித்துவிட்டாள். முழுப் பூசணிக்காயை மூன்று வருஷம் சோற்றில் மறைத்து வைத்திருந்தவளுக்கு, அதை எடுத்து வெளியே வைக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா அசையவில்லை. தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

மூக்கிக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஒண்ணு" என்றாள். "ரெண்டு." கொஞ்சம் நேரம் விட்டு, "மூணு."

ஸ்வெட்டரைக் கட்டிலோரமாக வைத்தாள். போடு.

அதற்குப் பிறகு மேல்தட்டு. பச்சைச் சால்வை, பதில் இல்லை, போடு. அத்தானின் மப்ளர், போடு. காலர் கிழிந்த கோட்டு, போடு. கனத்த நைட்டிகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்று எண்ணி, போடு. கோபித்துக்கொண்டாள், கோபித்துக்கொள்ளட்டும், கோபித்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எண்ணினாள். ஏழாவதாக ஜோடி இல்லாத ஒற்றைக் கம்பளி சாக்ஸ் வந்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒத்தை சாக்ஸை வெச்சுட்டு என்னக்கா பண்ணுவே? வாயத் தொறந்து திட்டு. ஆனா இப்படி இருக்காதே."

மூன்று எண்ணினாள். போடு.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் குனிந்தாள். அக்காவின் தோளைத் தொட்டாள். பிறகு கழுத்தில் இரண்டு விரலை வைத்து, வைத்தபடியே நின்றாள். அந்த விரல்கள் கழுத்தைவிட்டு எழுவதற்கு ஆன நேரத்திலேயே மூக்கிக்குத் தெரிந்துவிட்டது.

"எப்போலேருந்து இப்படிப் படுத்திருக்காங்க?"

மூக்கி குவியலைப் பார்த்தாள். "ஒரு ரவிக்கையிலேருந்து" என்றாள்.

நர்ஸுக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டாள். மூக்கி மணி பார்க்கவில்லை. அது பதினொன்றா, பதினொன்றரையா? நர்ஸ் அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்தாள், வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்குள்தான், அதற்குமேல் யாராலும் சொல்லமுடியாது என்றாள். தூக்கத்தில் போகிற மாதிரி, பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாமல் போய்விடுவார்கள் என்றும் சொன்னாள். அதை ஆறுதலாகத்தான் சொன்னாள்.

மூக்கி குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். சோப்புப் போட்டு, முழங்கை வரை, நகக்கண் விடாமல் கழுவினாள். திரும்பவும் சோப்புப் போட்டாள். கழுவிக்கொண்டிருக்கும்போதே, அக்கா செத்தது தெரிந்த ஐந்தாவது நிமிஷத்தில் தான் செய்கிற முதல் காரியம் இது என்பது உறைத்தது. அப்போது அவளுக்கு வந்த அருவருப்பில் எலிப்புழுக்கையும் பல்செட்டும் எல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. இந்த மூக்கை, இந்தக் கையை, எந்தக் குவியலில் வைப்பது?

கேட்டாளா, கேட்கவில்லையா? அது ஒன்றுதான் இப்போது. ரவிக்கைக்குக் குடு என்று சொன்ன வாய் அதோடு மூடிக்கொண்டதென்றால், தான் சொன்னதெல்லாம் ஒரு பிணத்தின் முதுகுக்குச் சொன்னது. மூன்று வருஷம் கழித்து, காது கேட்காத இடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்த கோழை. ஆனால் கேட்டுவிட்டுத்தான் போனாள் என்றால், கேட்டும் துடை என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். மூன்று எண்ணும்வரை இருந்திருக்கிறாள். அம்மாவின் சட்டப்படி அப்படி இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு மணிக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். மகன் பேருந்து ஓட்டுகிறவன். பாதி வழியில் வண்டியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுச் சீருடையோடு வந்திருந்தான். உள்ளே நுழைந்ததும் கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். மருமகள் அழவில்லை, அழ நேரமும் இல்லை. அவள் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மேற்பார்வை. அரை மணியில் ஓர் அறையை ஆள் தங்கின சுவடே இல்லாமல் ஆக்கத் தெரிந்தவள். டாக்டர் வந்து தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதும் கையுறை போட்டுக்கொண்டாள். நர்ஸும் அவளுமாக அக்காவைத் துடைத்து, தலைவாரி, காலுக்குப் புதுக் கட்டும் கட்டினார்கள். ஆட்கள் பார்க்க வரத் தொடங்குவதற்குள் அறையை ஒழுங்கு பண்ணவேண்டும் என்று அவளுக்கு அவசரம்.

மூக்கி சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த டீ ஆறி ஏடு படிந்திருந்தது. அந்த ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி" என்று அறையிலிருந்து மருமகள் குரல். "இந்தத் துணியெல்லாம் என்ன பண்றது?"

"ஜன்னலோரம் இருக்கறது குடு. கதவுகிட்ட துடை" என்றாள் மூக்கி. அவள் குரல் அவளுக்கே எங்கிருந்தோ கேட்டது. "கட்டில்கிட்ட இருக்கறது போடு."

"சரி சித்தி."

பிறகு பை சரசரக்கிற சத்தம், படியில் செருப்புச் சத்தம், யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம். நாலரை மணி வாக்கில் மருமகள் சமையலறைக்கு வந்து கையுறையைக் கழற்றினாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"நீங்க சொன்னபடியே பண்ணிட்டேன் சித்தி. குடுக்கறதைத் தனியாக் கட்டி வெச்சுட்டேன். மத்ததைப் போட்டுட்டேன்."

மூக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஸ்வெட்டரையா அக்காவுக்குப் போட்டுவிட்டார்கள்? மேல் பொத்தான் இல்லாமல், மார்பில் கறையோடு? பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே என்று அவள் ஒரு கணம் பதறினாள். அடுத்த கணம், போட்டால் என்ன, அது அவள் வைத்துக்கொண்டதுதானே என்றும் தோன்றியது. எழுந்து அறைக்குள் போனாள்.

அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை, இதுவரை கட்டாதது. மருமகள் வரும்போதே வாங்கி வந்திருக்கவேண்டும். தலை படிய வாரியிருந்தது. முகம் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி யாருடையதோபோல் இருந்தது. அறையில் கிருமிநாசினி வாடை. ஜன்னலோரம் ஒரு மூட்டை. கதவோரம் வெறுந்தரை. கட்டிலோரமும் வெறுந்தரை.

"எங்கேம்மா போட்டே?"

"கீழ, குப்பைத் தொட்டியில." மருமகளுக்குக் கேள்வி விளங்கவில்லை. "நீங்கதானே சித்தி போடச் சொன்னீங்க? அந்த ஸ்வெட்டரையெல்லாம் வேற என்ன பண்ண முடியும்?"

அவள்மேல் என்ன தப்பு? போடு என்றால் உடுத்திக்கொள் என்று அர்த்தம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் நாலு பேர் இருந்தார்கள். அம்மா, அப்பா, அக்கா, மூக்கி. மகனுக்குக்கூடத் தெரியாது, அவன் வளர்ந்த வீட்டில் அலமாரியை யாரும் ஒதுக்கியதே இல்லை. மூக்கி செருப்பைத் தேடினாள். கிடைத்த செருப்பு யாருடையதோ. மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

கட்டடத்துக்குப் பின்னால், ஆளுயரத்தில் சக்கரம் வைத்த இரண்டு தொட்டிகள். குப்பை லாரி சந்து முனையில் ஏற்கெனவே நின்றிருந்தது. அடுத்த கட்டடத்துத் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கி முதல் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். ஈக்கள் ஒன்றாக எழுந்து அவள் முகத்தில் மோதின.

அவளுக்கு மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லாம் தானாக வந்தது. புளித்த பால், குழந்தையின் மலத்துணி, அழுகின முட்டை, மீன் கழுவிய தண்ணீர், எங்கோ அடியில் செத்த எலி. ஒவ்வொன்றையும் மூக்கு பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுத்தது. இருபத்திரண்டு வருஷத் தொழில். வெறும் வயிற்றிலிருந்து கசப்பு வாய்வரை வந்தது. துப்பினாள். கிடந்த மரப்பெட்டி ஒன்றின்மேல் ஏறி, விளிம்பில் வயிற்றை வைத்து, இடுப்புவரை உள்ளே கவிழ்ந்தாள்.

கருப்புப் பைகள் ஒரே மாதிரி ஆறேழு கிடந்தன. ஒன்றைக் கிழித்தால் காய்த்தோல். இன்னொன்றில் உடைந்த பீங்கானும் தலைமுடியும். மூன்றாவதில் துடைத் துணிகள், எண்ணெய் ஊறிய நைட்டி மேலாக. அப்படியானால் பக்கத்திலேதான் இருக்கவேண்டும். கையைத் தோள்வரை விட்டுத் துழாவினாள். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று என்னவோ விரலிடுக்கில் ஏறியது. என்னவென்று கேட்காதே என்று மூக்குக்குச் சொன்னாள். அது கேட்கவில்லை, சொல்லிவிட்டது.

"என்னம்மா தேடறீங்க? நகை கிகை விழுந்துடுச்சா?"

லாரிக்காரர்களில் ஒருவர். வயதானவர், வாயைத் துணியால் கட்டியிருந்தார்.

"துணி" என்றாள் மூக்கி தொட்டிக்குள்ளிருந்தே. "போடற துணி."

"போட்ட துணியா? போட்டது போட்டதுதாம்மா. அதை எடுத்து இனி என்ன பண்ணப் போறீங்க?"

"போட்டது இல்லைங்க. போடறது."

அவருக்கு அதில் என்ன வித்தியாசம் தெரிந்ததோ, சந்து முனையைப் பார்த்துக் கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். தன்னுடைய நீளக் கொக்கியைத் தொட்டிக்குள் விட்டு ஒவ்வொரு பையாக விலக்கிக் கொடுத்தார். நாலாவது பை ஓரத்தில் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாகப் பச்சைச் சால்வையின் முனை தெரிந்தது.

ஒவ்வொன்றாக எடுத்து மரப்பெட்டியின்மேல் வைத்தாள். சால்வை. மப்ளர். கோட்டு. இரண்டு நைட்டிகள். ஒற்றை சாக்ஸ்கூட வந்துவிட்டது. ஸ்வெட்டர் அடியில் இருந்தது. எந்தப் பையிலிருந்தோ ஒழுகிய புளித்த பால் அதில்தான் இறங்கியிருந்தது. தூக்கியதும் சொட்டியது.

இரண்டு தோளையும் பிடித்து எட்டத் தூக்கிப் பார்த்தாள், காலையில் பிடித்ததுபோல. கழுத்துப்பட்டையின் பளபளப்பு போகவில்லை. இவ்வளவு நாற்றத்துக்கும் அடியில், பாலுக்கும் மீனுக்கும் அடியில், அந்த இனிப்பும் கசப்புமான வாடை அப்படியே இருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது.

"ஒண்ணு" என்றாள்.

கொக்கிக்காரர் அவளைப் பார்த்தார்.

"ரெண்டு."

லாரி பின்னோக்கி வர ஆரம்பித்தது. பீப், பீப் என்று அது போட்ட சத்தத்தில் மூன்றாவது அவளுக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் ஸ்வெட்டருக்குள் விட்டுப் போட்டுக்கொண்டாள். மற்றதைக் கோட்டுக்குள் வைத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

மேலே அக்காவைப் பார்க்க மாடிவீட்டுக்காரர்களும், மகனோடு வேலை செய்கிற இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மூக்கி உள்ளே வந்ததும் வழிவிட்டு ஒதுங்கினார்கள், கொஞ்சம் அதிகமாகவே ஒதுங்கினார்கள். மகன் தலை தூக்கிப் பார்த்தான். அந்த ஸ்வெட்டரை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. மூக்கி சுருட்டிக் கொண்டுவந்ததைக் கட்டிலோரம் முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நனைந்த கம்பளி முதுகில் ஒட்டி ஜில்லென்றது.

ஒரு பெண் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, பிறகு கண்ணைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டாள். மருமகள் சத்தமில்லாமல் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

"மூடும்மா" என்றாள் மூக்கி. "குளிருது."

மேல் பொத்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது. அவள் இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.